துணையின் மரணமும் தெய்வத்தோடு வழக்கும்: மட்டக்களப்பு எழுவான்கரையை முன்வைத்து

கணவன் இறந்தபின் மனைவிக்கும், மனைவி இறந்தபின் கணவனுக்கும் அதுவரை கும்பிட்டுவந்த தெய்வம் என்ன ஆகிறது? பிடிப்பு இறுகுகிறதா, கைநழுவிப் போகிறதா? தமிழில் இது மிகப் பழைய கேள்வி. தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித்திணையின் துறைகளைச் சொல்லும்போது மனைவியை இழந்தவன் நிலையைத் தபுதாரம் என்றும், கணவனை இழந்தவள் நோற்கும் நிலையைத் தாபதம் என்றும் தனித்தனியே வைக்கிறது. அதன்பின் புலவர்கள், சமய ஆசிரியர்கள், மானிடவியலாளர்கள், உளமருத்துவர்கள் என்று பலரும் விடை சொல்லிவந்திருக்கிறார்கள். விடைகள் பெருகிய அளவுக்குக் கேள்வி தெளிவானதாகத் தெரியவில்லை.

அந்த விடைகளை மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரையில் வைத்து எடைபோட இக்கட்டுரை முயல்கிறது. தேற்றாத்தீவு என்ற ஒரே ஊருக்குள் கொம்புச்சந்திப் பிள்ளையாரும் இருக்கிறார், புனித யூதா ததேயுவும் இருக்கிறார். கைவிடப்பட்ட காரியங்களுக்குத் துணை நிற்பவர் என்று கத்தோலிக்கர் நம்பும் புனிதர் அவர். வடக்கே சிறிது தூரத்தில் செட்டிபாளையத்துக் கண்ணகி அம்மன், இன்னும் வடக்கே காத்தான்குடியின் பள்ளிவாசல்கள், தெற்கே களுதாவளைப் பிள்ளையார். ஒரு மணிநேரப் பேருந்துப் பயணத்துக்குள் மூன்று சமயங்களின் இறப்புச் சடங்குகளைக் காணலாம். 1978 நவம்பர் சூறாவளி, மூன்று பதிற்றாண்டுகளுக்கு நெருங்கிய போர், 2004 டிசெம்பர் 26 கடற்கோள், 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு என்று இந்தக் கரை துணை இழந்தோரை அடுத்தடுத்துக் கண்டிருக்கிறது. எந்த விடை எங்கே தாங்கும், எங்கே முறியும் என்பது இங்கே தெரியவரும்.

உடன் சாதலும் உயிர் வாழ்தலும்

சங்கப் பாடல்களில் இக்கேள்விக்கான விடை தெய்வத்தை நோக்கியதாக இல்லை. பூதப்பாண்டியன் இறந்தபோது தீப்பாயத் துணிந்த பெருங்கோப்பெண்டு, தடுத்த சான்றோரிடம் பேசுவது கைம்மை நோன்பின் கொடுமையைப் பற்றி. நெய்யில்லாச் சோறும் கல்படுக்கையும் தனக்கு வேண்டாம் என்கிறாள். இன்னொரு பாடலில் ஒரு பெண், கணவனுக்கான ஈமத்தாழியைத் தனக்கும் சேர்த்துப் பெரிதாக வனையும்படி குயவனிடம் கேட்கிறாள். ஆண் குரலும் ஒன்று உண்டு. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, மனைவியை எரியூட்டிவிட்டுத் தான் இன்னும் உயிரோடிருப்பதை எண்ணி வெட்குகிறான். உயிரைப் போக்காத இந்தத் துயரமும் ஒரு துயரமா என்று தன்னையே குற்றம் சாட்டுகிறான். மூன்று பாடல்களிலும் கடவுளிடம் முறையீடு இல்லை, கடவுளால் வந்த ஆறுதலும் இல்லை. துயரத்துக்கும் சமயத்துக்கும் இயல்பிலேயே உறவு உண்டு என்று தொடங்கும் எந்த ஆய்வும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்த உறவை முறையாகக் கட்டியது பக்தி மரபு. பெரியபுராணத்துத் திலகவதியார் அதன் முதன்மைச் சான்று. மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்த செய்தி வந்ததும் தானும் சாகத் துணிகிறார். தம்பி மருள்நீக்கியாரின் அழுகைக்காக உயிர் தரிக்கிறார். பின் திருவதிகை வீரட்டானத்தில் திருவலகிட்டு, மெழுகி, பூமாலை தொடுத்துத் தொண்டு செய்கிறார். துயரம் தொண்டாக மாறியது என்பதுதான் சைவ மரபு இதில் காணும் விடை. அந்த விடையின் பலம் பெரிது. இன்றும் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் கோயில் முற்றம் கூட்டுவதிலும் பூக்கட்டுவதிலும் நாளைக் கொண்டுசெலுத்துகிறார்கள். ஆனால் சேக்கிழாரின் கதை நகர நகரத் திலகவதியாரின் இழப்பு தம்பியின் கதைக்குள் கரைந்துபோகிறது. அவருடைய துயரம் தணிந்ததா, அல்லது பேச இடமில்லாமல் போனதா என்று கேட்க அந்தக் கதை வழிவிடவில்லை.

வினை, சித்தம், மறுமை

சமயங்கள் சொல்லும் விளக்கங்களில் இக்கரையில் அதிகம் கேட்பது வினைக்கொள்கை. உயிருக்கு விதித்த நாள் முடிந்தது; பிராரத்தம் தீர்ந்தது; உடல் கழன்றது. சைவ சித்தாந்தத்தில் உயிர் நிலையானது. இல்லற உறவு இந்தப் பிறவிக்கான கட்டு. கொள்கையளவில் இது இரக்கமுள்ள விளக்கம்தான். யாரும் குற்றவாளி இல்லை, இறந்தவர் அழியவும் இல்லை. இரண்டு இடங்களில் இது முறிகிறது. முதலாவது, வினை என்பது இறந்தவருடைய வினை என்று நூல் சொன்னாலும் ஊர் அதை உயிரோடிருக்கும் மனைவியின் தலையில் ஏற்றுகிறது. அவளுக்குத் தாலிப்பாக்கியம் இல்லை, அவளுடைய சாதகத்தில் செவ்வாய் சரியில்லை என்ற பேச்சு செத்தவீட்டிலேயே தொடங்கிவிடும். மனைவி இறந்தால் கணவனின் சாதகத்தை அவ்வளவு உக்கிரமாக யாரும் புரட்டுவதில்லை. இரண்டாவது, துணை இழந்தவர் மனதில் முதலில் எழும் கேள்வி 'ஏன் இறந்தார்' என்பது அல்ல. 'இனி எங்கே காண்பேன்' என்பது. பிறவிச் சுழற்சி அதற்கு உறுதியான பதில் தருவதில்லை.

பௌத்தம் இன்னும் கடுமையான பாதையை வைக்கிறது. பாம்பு கடித்துக் கணவனையும், அடுத்தடுத்துப் பிள்ளைகளையும் பெற்றோரையும் இழந்து பித்தாகித் திரிந்த பட்டாசாரையின் கதையில் புத்தர் எவரையும் மீட்டுத் தருவதில்லை. பிறவிதோறும் சிந்திய கண்ணீரின் அளவை அவளுக்கு உணர்த்துகிறார். அவள் தேரியாகிறாள். துறவுக்குப் போகாதவளுக்கு அந்தக் கதை என்ன சொல்கிறது என்பது திறந்தே கிடக்கிறது.

இசுலாத்தில் மறுமைச் சந்திப்புக்கு இடமுண்டு. நல்லடியார்கள் தம் பெற்றோர், துணைவர், சந்ததியரோடு சுவர்க்கம் புகுவதைக் குர்ஆனின் 13ஆம் அத்தியாயம் சொல்கிறது. நபிகள் நாயகம் தம் மனைவி கதீஜாவை இழந்த ஆண்டு, ஏறக்குறைய கி.பி. 619, துயர ஆண்டு என்றே இசுலாமிய வரலாற்றில் பெயர்பெற்றது. இறைநம்பிக்கையின் உச்சியில் இருந்தவருக்கும் துணையின் இழப்பு துயரமே என்று மரபு ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. கணவனை இழந்தவள் இருக்கும் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும் என்று குர்ஆன் வரையறுக்கிறது. காத்தான்குடியில் 1990 ஓகஸ்ட் 3 இரவு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவரும் கொல்லப்பட்டபோது, ஒரே ஊரின் பல வீடுகள் ஒரே நாளில் இத்தாவுக்குள் போயின. கால எல்லை உள்ள துயரம் பெண்ணைச் சிறைவைக்கிறதா, அல்லது உலகத்தின் கோரிக்கைகளிலிருந்து அவளைக் காக்கிறதா என்ற விவாதம் முஸ்லிம் பெண்களுக்குள்ளேயே நடந்துவருகிறது. இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். கொவிட் காலம் இதற்கு வேறொரு சோதனை வைத்தது. 2020 ஏப்ரலில் இலங்கை அரசு கொவிட் சடலங்கள் அனைத்தையும் எரிக்கக் கட்டளையிட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் அது நீங்கிய பின்னரே, இதே மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில் கணவனின் மையித்தை நெருப்புக்குக் கொடுத்த முஸ்லிம் பெண்களின் துயரத்தில் குலைக்கப்பட்டது அவர்களுடைய நம்பிக்கை அல்ல. அந்த நம்பிக்கையின்படி துக்கம் காக்கும் உரிமை.

கிறிஸ்தவ இறையியலில் உயிர்ப்பு உண்டு. ஆனால் உயிர்த்தெழுந்தோர் கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்று இயேசு சதுசேயருக்குச் சொன்ன மறுமொழி துணை இழந்தோருக்கு எளிதில் விழுங்கக்கூடியதல்ல. மேற்குலகில் இக்கேள்வியை வெளிப்படையாகப் பேசிய நூல் சி. எஸ். லூயிஸ் எழுதியது. 1940இல் துன்பத்துக்கு இறையியல் விளக்கம் எழுதிப் புகழ்பெற்றவர், 1960இல் மனைவி ஜாய் டேவிட்மன் இறந்தபின் எழுதிய குறிப்புகளை அடுத்த ஆண்டு புனைபெயரில் வெளியிட்டார். கடவுள் இல்லையோ என்று அவர் அஞ்சவில்லை. இருக்கும் கடவுள் கொடியவரோ என்றுதான் அஞ்சினார். மட்டக்களப்புக்கு இந்த வகையில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1813 இறுதியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட், வழியிலேயே மனைவியைக் கடலுக்குக் கொடுத்தார். 1814இல் தனியாளாக மட்டக்களப்புக்கு வந்து இறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவரிலிருந்து கணக்கு வைக்கிறது. நகரில் அவருக்குச் சிலையும் உண்டு. நிறுவனங்கள் ஊழியத்தை நினைவில் வைக்கின்றன, அந்த ஊழியத்துக்குள் இருந்த துணையிழந்தவனை அல்ல.

கண்ணகி தொடுத்த வழக்கு

மேற்கண்ட விடைகள் அனைத்தும் இழந்தவரைக் கேட்பவர் இடத்தில் வைக்கின்றன. இறைவனோ வினையோ ஆசானோ சொல்ல, அவர் ஏற்க வேண்டும். மட்டக்களப்பின் கண்ணகி வழிபாடு ஒன்றுதான், எனக்குத் தெரிந்தவரை, அவரை வழக்காளியாக நிறுத்துகிறது.

சிலப்பதிகாரத்தில் துணையை இழந்த பெண்கள் மூவர். பாண்டியனோடு அக்கணமே உயிர்விட்ட கோப்பெருந்தேவி, சங்கமனின் மனைவி நீலி, கண்ணகி. நீலியின் கதையைச் சொல்வது மதுராபதித் தெய்வம். முற்பிறவியில் பரதனாக இருந்த கோவலன் சங்கமனைக் கொல்லக் காரணமானான், அந்த வினை இன்று விளைந்தது என்கிறது அது. வினைக்கொள்கை இங்கே முழுமையாக முன்வைக்கப்படுகிறது. ஆனால் எப்போது? ஊர் எரிந்தபின். அதற்கு முன்னால் கண்ணகி தெருவில் நின்று, இந்த ஊரில் தெய்வம் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டாயிற்று. அரசவையில் வழக்காடி வென்றாயிற்று. மதுராபதியின் விளக்கத்தைக் கேட்டபின்னும் அவள் அடங்கி அமரவில்லை. கணவனைக் காணாமல் இருக்கவும் நிற்கவும் மாட்டேன் என்று சொல்லிக் கொற்றவை கோயில் வாசலில் வளையலை உடைத்துவிட்டு மேற்கே நடக்கிறாள். விளக்கம் துயரத்தை முடிக்கவில்லை என்பதை இளங்கோ மறைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சமணச் செட்டிப் பெண்ணை வணங்குவது என்று கண்டித்தார். அங்கே கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன்களின் பெயருக்கு மாறின. மட்டக்களப்பில் அது நிலைத்தது. பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த கண்ணகி வழக்குரை இன்றும் கோயில்களில் படிக்கப்படுகிறது. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களில் வைகாசியில் சடங்கு. பல கோயில்களில் ஆண்டின் பெரும்பகுதி கதவு சாத்தியிருக்கும், சடங்குக்குத்தான் திறப்பார்கள். கல்யாணக்கால் நடுவார்கள். அதாவது கண்ணகிக்கு ஆண்டுதோறும் கலியாணம் நடக்கிறது, ஆண்டுதோறும் வழக்குரைப் பாட்டில் கோவலன் கொலையுண்கிறான், ஆண்டுதோறும் அவள் வெகுண்டெழுகிறாள். கடைசி நாள் குளிர்த்தி. இரவு முழுக்கக் காத்திருந்த சனம் எழுந்து நிற்க, குளிர்த்திப் பாட்டு ஒலிக்க, பூசகரான கட்டாடியார் வேப்பிலையோடு நீரை அள்ளிச் சொரிந்து அம்மனைக் குளிரவைக்கிறார். அந்தத் தண்ணீரில் ஒரு துளியாவது தன்மேல் படவேண்டும் என்று ஒவ்வொருவரும் முண்டுவார்கள்.

இந்தச் சடங்கின் உள்ளுறையைக் கவனிக்க வேண்டும். துணை இழந்தவளின் கோபம் பாவமாகவோ நம்பிக்கைக் குறைவாகவோ கருதப்படவில்லை. அது நியாயமானது, ஆபத்தானது, எனவே ஊர் கூடி ஆற்ற வேண்டியது. ஒரு தடவை ஆற்றினால் தீராது என்பதையும் மரபு அறிந்திருக்கிறது. மறு வைகாசியில் மறுபடி ஆற்றுகிறது. சிங்களப் பத்தினி வழிபாட்டை ஆராய்ந்த கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பெருநூலில், பத்தினி இறந்த கணவனை உயிர்ப்பிக்கும் சடங்கு நாடகத்தை விரிவாகப் பேசுகிறார். மட்டக்களப்பின் முறை வேறு. இங்கே சடங்கு முடிவது குளிர்த்தியோடு.

இந்த விடைக்கும் குறை உண்டு, சிறியதல்ல. கோபப்படும் உரிமை கற்புடையவளுக்கே என்று கதை நிபந்தனை வைக்கிறது. கணவனை இழந்த தெய்வத்துக்கு ஆண்டுதோறும் கல்யாணக்கால் நடும் அதே ஊர், கணவனை இழந்த அயல்வீட்டுப் பெண்ணைக் கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்க விடுவதில்லை. வழிபாட்டில் தந்ததை வாழ்க்கையில் மறுக்கும் இந்த முரணுக்கு மரபின் உள்ளிருந்து பதில் வரவில்லை. இன்னொன்றும் உண்டு: கண்ணகிக்கு எதிரே ஒரு பாண்டியன் இருந்தான். சிறுநீரக நோயிலோ மாரடைப்பிலோ கணவன் போனவள் யார்மேல் வழக்குத் தொடுப்பாள்?

செத்தவீட்டில் மனைவியின் இடம்

கொள்கையை விட்டுச் சடங்குக்கு வந்தால், ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று கண்ணில் படுகிறது. சைவ அபரக்கிரியை பெரும்பாலும் மகனுடையது. கொள்ளி அவனுக்கு, இக்கரையில் வழமையாகப் புதைக்கும்போது முதற்பிடி மண் அவனுக்கு, அந்தியேட்டியும் ஆட்டைத் திவசமும் அவனுக்கு. தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை விரதம். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக்கரையில் அன்று கூடும் கூட்டத்தைக் கிழக்கு முழுவதும் அறியும். தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. கணவனை இழந்தவளுக்கு என்று ஒரு நாள் பஞ்சாங்கத்தில் இல்லை. மனைவியை இழந்தவனுக்கும் இல்லை. கத்தோலிக்கர் நவம்பர் 2இல் சேமக்காலைக்குப் போய் எந்த உறவுக்கும் மெழுகுதிரி ஏற்றலாம். இத்தா இசுலாமியப் பெண்ணுக்கே உரியது. சைவத் துணைக்குக் கிடைத்திருப்பது நாள் அல்ல, நீக்கம்: தாலி கழற்றுதல், பொட்டழித்தல்.

ஆனாலும் எழுதப்படாத இரண்டு இடங்கள் அவளுக்கு உண்டு. ஒன்று ஒப்பாரி. அதில் அவள் யமனை ஏசலாம், வைத்தியரை ஏசலாம், பிள்ளையாரைப் பேர்சொல்லி ஏசலாம். மறுநாள் அதே பிள்ளையாரிடம் போகலாம். யாரும் முரண் என்று சொல்ல மாட்டார்கள். நம்பிக்கை இழப்பு என்று வெளியார் ஒருவர் குறித்துக்கொள்ளக்கூடியது இங்கே வழிபாட்டின் ஒரு தொனி. ஆண்களுக்கு இந்த வடிகாலும் இல்லை. படித்த குடும்பங்களில் ஒப்பாரி நாகரிகமற்றது என்று ஒதுக்கப்பட, ஒலிபெருக்கியில் தேவாரமும் அச்சிட்ட இரங்கற்பா நூலான கல்வெட்டும் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. கல்வெட்டின் புலம்பல் மனைவியின் பெயரில் இருக்கும், எழுதுபவர் வேறொருவர்.

மற்றையது எட்டாம் நாளுக்குரிய எட்டுப் படையல். செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து வாழையிலையில் படைக்க வேண்டும். மீன் எந்த மீன், குழம்பா பொரியலா, காரம் எவ்வளவு, சாராயம் வைப்பதா, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எவ்வளவு, சுருட்டு எந்தச் சுருட்டு? மகனுக்குத் தெரியாது, ஐயருக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். சில வீடுகளில் படைத்தபின் கதவைச் சாத்திவிட்டு, அவர் வந்து உண்ணட்டும் என்று எல்லோரும் வெளியே இருப்பார்கள். மந்திரத்தில் இடமில்லாதவளின் நினைவில்தான் அந்தச் சடங்கு முழுவதும் நிற்கிறது.

இவற்றோடு வீடும் சேர்கிறது. மட்டக்களப்பில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு. கணவன் மனைவி வீட்டுக்கு வருகிறான். முக்குவர் மரபுரிமையைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இலேயே நூலாக்கினார். அக்கரைப்பற்றை மையமாக வைத்து டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தாய்வழிக் குடிமுறையை விரிவாகக் காட்டுகிறது. இதன் விளைவு தெளிவு: கணவன் இறந்தால் இங்கே பெண் தெருவுக்கு வருவதில்லை. தாயும் தங்கச்சியும் பக்கத்து வளவில் இருக்கிறார்கள். பிருந்தாவனத்துக்கு அனுப்பப்பட்ட வங்காளத்துக் கைம்பெண்களின் பக்தியையும் இங்குள்ள பெண்ணின் பக்தியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அங்கே பசி தீர்ப்பதே பஜனை மடம். மாறாக, மனைவி இறந்த கணவன்தான் இங்கே ஊன்றுகோல் இழக்கிறான். அவன் இருப்பது மனைவியின் வீடு, நாளை மகளின் வீடு. அவனுடைய துயரத்தைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு.

சடலம் இல்லாத மரணம்

இதுவரை சொன்ன எல்லாம் ஓர் உடலை முன்வைத்தவை. 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோரில் 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பவில்லை. அப்படி ஆண்களை இழந்த வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவர்களுடைய மனைவியர் விதவையரா? பொட்டை அழித்தால் அவரைத் தாமே கொன்றதாகும் என்று வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தியேட்டி செய்யாவிட்டால் அவருடைய ஆவி அலையுமே என்று அஞ்சுவோரும் உண்டு. இரண்டு அச்சமும் ஒரே பெண்ணுக்குள் இருப்பதும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் இத்தகைய நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு 1999இல் நூல் எழுதினார். முடிவில்லாமல் வாழக் கற்றுக்கொள்வதே வழி என்பது அவர் நிலைப்பாடு. அது நியாயமானது, ஆனால் குற்றவாளி யார் என்று தெரிந்திருக்கும் இடத்தில் முடிவின்மையோடு வாழச் சொல்வது நீதியைக் கைவிடச் சொல்வதாகவும் ஒலிக்கும். இந்தத் தயக்கம் எனக்கு உண்டு.

மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ் 1990களில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் செய்த கள ஆய்வு இங்கே முதன்மையானது. போர் உக்கிரமாக இருந்தபோது அம்மன் சடங்குகள் குறையவில்லை, பெருகின என்று அவர் பதிவுசெய்கிறார். தெய்வக்கலை வந்து ஆடும் பெண்களிடம் போய், கொண்டுபோகப்பட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்று மனைவியரும் தாய்மாரும் கேட்டார்கள். முகாமிலும் அலுவலகத்திலும் கேட்க முடியாத கேள்வி. வாக்குச் சொல்பவர் அடிபட்டவரின் வலியைத் தன் உடலில் காட்டினார். அரசு மௌனமாக இருந்த காலத்தில் பேசிய வாய் அதுதான். நம்பிக்கை துயரத்தை ஆற்றியது என்று இதைச் சுருக்கிவிட முடியாது. பல வாக்குகள் பலிக்கவில்லை. வருவார் என்று கேட்டு இன்னும் காத்திருப்பவர்கள் உண்டு. ஆயினும் தன் கேள்வியை யாரோ கேட்டார்கள் என்பது அவர்களுக்கு ஒரு பொருளாகவே இருந்தது.

சட்டம் பின்னால் வந்தது. 2010இன் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் காணாமற் போனவருக்கு மரணப் பதிவு வழங்கியது. ஏற்றுக்கொண்டால் சலுகை, ஆனால் கணவன் செத்துவிட்டான் என்று கையெழுத்திட வேண்டும். 2016இன் திருத்தம், இறந்தார் என்று சொல்லாமல் ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சான்று தரும் பத்திரத்துக்கு இடம் தந்தது. சமயம் தராத ஓர் இடைநிலையை இங்கே சட்டம் தந்திருக்கிறது. அந்தப் பத்திரம் பெற்ற பெண் கலியாண வீட்டில் எங்கே நிற்பாள் என்பதைச் சட்டத்தால் சொல்ல முடியவில்லை.

உளவியல் அளந்தவை

உளவியலின் முதல் பெரிய விடை ஃபிராய்டுடையது. இறந்தவரிடமிருந்து மனப்பற்றை மெல்ல மீட்டெடுப்பதே துக்கத்தின் வேலை என்றார் 1917இல். அந்த நோக்கில் படையலும் திவசமும் பற்றறுக்க மறுப்பதன் அடையாளங்கள். அதைத் தளர்த்திய சான்றுகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. யமமோட்டோவும் சக ஆய்வாளர்களும் 1969இல் தோக்கியோவில் விபத்தில் கணவனை இழந்த 20 பெண்களைக் கண்டனர். வீட்டுப் பூசைமாடத்தில் கணவனோடு உறவைத் தொடர்வது அவர்களுக்கு நோயாக இல்லை, துணையாகவே இருந்தது. 1971இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் டூவி ரீஸ், துணை இழந்த 293 பேரை விசாரித்து, ஏறத்தாழ பாதிப்பேர் இறந்தவரின் இருப்பை ஏதோ ஒரு வகையில் உணர்வதாகக் கண்டார். 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் தொகுத்த நூல் இத்தகைய தொடரும் பிணைப்பை இயல்பானது என்று நிறுவியது. எட்டுப் படையல் வைக்கும் பெண்ணுக்கு இது புதுச்செய்தி அல்ல.

சமயம் உண்மையில் உதவுகிறதா என்று அளந்த ஆய்வுகள் தயக்கமான விடையே தருகின்றன. டிட்ரொயிற் பகுதி முதிய தம்பதியரைத் துணை இறப்பதற்கு முன்னிருந்தே பின்தொடர்ந்த ஆய்வொன்று 2004இல் வெளியானது. துணையை இழந்தோருக்குச் சமய ஈடுபாடு கூடியதையும், நம்பிக்கையின் முக்கியத்துவம் கூடியவர்களிடம் துக்கம் குறைந்ததையும் அது கண்டது; ஆனால் பொதுவான மனநலத்தில் அதேபோன்ற பயன் தெரியவில்லை. கெனத் பார்கமென்டின் ஆய்வுகள் சமயத்தால் தாங்குவோரையும், கடவுள் தண்டித்தார், கைவிட்டார் என்று போராடுவோரையும் பிரித்து, பின்னவர்களின் நலம் மோசமாவதாகச் சொல்கின்றன. இங்கேதான் கண்ணகிக் கரையிலிருந்து ஒரு மறுகேள்வி எழுப்பத் தோன்றுகிறது. கடவுளோடு சண்டையிடுவதற்குச் சடங்கும் பாட்டும் ஊரும் இல்லாத இடத்தில் அந்தச் சண்டை ஒருவரைத் தனியே அரிக்கும். இருக்கும் இடத்திலும் அப்படியே அரிக்குமா? அந்த அளவுகோல்கள் பெரும்பாலும் வட அமெரிக்கக் கிறிஸ்தவரிடம் உருவானவை.

நோய் எல்லை பற்றிய விவாதமும் இதனோடு சேரும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு ஆறு மாதத்தையும், அதே ஆண்டின் அமெரிக்கக் கையேடு பன்னிரண்டு மாதத்தையும் நீடித்த துக்க நோய்க்குக் குறைந்தபட்ச எல்லையாக வைத்தன. பண்பாட்டு வழமையை மீறியதா என்று பார்க்கவும் இரண்டும் சொல்கின்றன. ஆட்டைத் திவசம் வரை துக்கம் காப்பது வழமையான ஊரில் ஆறாம் மாதத்தில் யாரையும் நோயாளி என்பது அவசரம். வடகிழக்கின் உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தம் நூல்களில் போர்க்கால மனவடுவைத் தனிமனிதரின் நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பமும் சமூகமும் பட்ட காயமாகப் பார்க்க வேண்டும் என்றும், சடங்குகளைச் சிகிச்சையின் கூட்டாளியாக மதிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியிருக்கிறார். மேலே கண்டவற்றை வைத்து நோக்கினால் அந்த நிலைப்பாடே இக்கரைக்கு அதிகம் பொருந்துகிறது.

எஞ்சியிருப்பவை

நம்பிக்கை இறுகியதா, தளர்ந்ததா என்ற கேள்வியின் வடிவமே இங்கே போதாது என்று சொல்லலாம். ஒப்பாரியில் தெய்வத்தை ஏசியவள் நேர்த்தியும் வைக்கிறாள். கொம்புச்சந்திப் பிள்ளையாரைக் கும்பிடுபவள் யூதா ததேயுவுக்கும் மெழுகுதிரி ஏற்றுவது இக்கரையில் அதிசயமல்ல. இழந்தவருக்குத் தெய்வத்தோடு வழக்காட இடம் இருக்கிறதா, அந்த வழக்கைக் கேட்க ஊர் வருகிறதா என்பவை பயன்தரும் கேள்விகளாகத் தோன்றுகின்றன. இதை உறுதியான முடிவாகச் சொல்ல இன்னும் சான்று வேண்டும்.

இடைவெளிகள் பல. போரில், கடற்கோளில் போனவர்களைப் பற்றி ஓரளவு எழுத்து உண்டு. ஆசுபத்திரிக் கட்டிலில் போனவர்களின் துணைகளைப் பற்றி மிகச் சிறிதே. மனைவி வீட்டில் தனித்த ஆண்கள் எந்தச் சன்னிதியில், அல்லது எந்தத் தவறணையில், தம் துயரைக் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதை முறையாகக் கேட்டறிய வேண்டும். கோயிலுக்குப் போவதை அறவே நிறுத்திக்கொண்டவர்களைக் கோயிலில் களஆய்வு செய்பவர் சந்திக்கவே முடியாது; சமயம் ஆற்றுகிறது என்ற முடிவுகள் பலவும் இந்தக் குறையைச் சுமக்கின்றன. கட்டார், கனடா என்று போன துணை அங்கேயே இறக்க, கைத்தொலைபேசியில் இறுதிக்கிரியை பார்த்தவர்களின் துக்கத்துக்கு இன்னும் சடங்கே பிறக்கவில்லை.

மிக அவசரமானது கோயில்களுக்குள் நடக்கும் மாற்றம். கிழக்கில் பல அம்மன் கோயில்கள் ஆகமமுறைக்கு மாறிக் கும்பாபிசேகமும் நித்திய பூசையும் காண்கின்றன. கட்டாடியார் இருந்த இடத்துக்கு ஐயர் வருகிறார். கோயில்கள் பொலிவு பெறுகின்றன. அதில் ஊருக்குப் பெருமையும் உண்டு. ஆனால் வழக்குரை முழுமையாகப் படிக்கப்படுவது குறைந்து, குளிர்த்தி ஒரு சம்பிரதாயமாகச் சுருங்கினால், கணவனை இழந்தவளின் கோபத்துக்கு இக்கரை வைத்திருந்த ஒரே பொதுமன்றம் என்ன ஆகும்? அந்தப் பாட்டு அவர்களுக்கு என்ன செய்கிறது என்பதை இரவு முழுக்க இருந்து கேட்கும் பெண்களிடம், அவர்கள் இருக்கும்போதே, கேட்டு எழுதும் ஆய்வு கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு எட்டாத வேலை அல்ல.